கால் இருக்கோ, தங்கச்சி?

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவின் கிழக்குக் கோடியில் ரூஜ் ஆறு ஏரியோடு போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நாணல் புதருக்குள் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் நடந்திருந்தால் கனவு கண்டேன் என்று நானே முடிவுகட்டியிருப்பேன்.

நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் மோர்னிங்சைட் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டால் பின்னேரம்வரை நேரம் என்னுடையது. மற்றச் சாரதிகள் வீட்டுக்குப் போய்ச் சமைப்பார்கள், ஒரு கண் நித்திரை கொள்வார்கள். நான் தூண்டில் போடப் போவேன். எங்கள் பரம்பரையில் மீன் பிடித்தவர் ஒருவரும் இல்லை. மீனுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சந்தையோடு சரி. கொரோனாவுக்கு எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஆற்றங்கரையில் பேசாமல் உட்கார்ந்து ஒரு தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோவை யூட்டியூப்பில் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

விஷயம் மிகவும் சின்னது. நூலில் சிவப்பு முனை வைத்த ஒரு சிறு தக்கை, தூண்டில் முள்ளில் இரண்டு வெள்ளைப் புழு. தக்கை நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து போகும். மீன் கடித்தால் சட்டென்று தாழும். தாழ்ந்த கணத்தில் தடியைத் தூக்க வேண்டும். நான் பிடிக்கும் மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவேன். விடுவதற்கு எதற்கடி பிடிக்கிறாய் என்று கணவர் கேட்காத நாள் கிடையாது.

அந்தப் புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறைச்சியில் ஈ மொய்த்து வருமே, அதே புழுதான். தூண்டில் கடையில் டப்பாவில் போட்டு விற்பார்கள். வாங்கிவந்து ஒரு பழைய யோகட் டப்பாவில் போட்டு, மூடியில் துளையிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஒருநாள் கணவர் சோற்றைப் போட்டுக்கொண்டு, தயிர் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த யோகட் டப்பாவையும் அவர் குலுக்கிப் பார்க்காமல் திறப்பதில்லை. குளிரில் அந்தப் புழுக்கள் சோற்றுப் பருக்கை மாதிரி அசையாமல் கிடக்கும். உடம்புச் சூடு பட்டால்தான் உயிர் வந்து நெளியும். நெளியாத புழுவை மீன் திரும்பியும் பாராது. அதனால் ஆற்றுக்குப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து, கோட்டின் உட்பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வேன்.

அன்று வெள்ளிக்கிழமை என்றபடியால் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. விரத நாளில் மீனைத் தொடுவதா என்று இவர். நான் என்ன தின்னவா போகிறேன், பிடித்து விடத்தானே என்று நான். அதோடு, வெள்ளிக்கிழமை என்றால் நான் தலைக்கு முழுகாமல் இருப்பதில்லை. காலையில் பஸ் ஓட்டும்போது ஈரத் தலையை ஒரு தொப்பிக்குள் அமுக்கி வைத்திருந்தேன். ஆற்றடியில் காய்ந்துவிடும் என்று காருக்குள்ளேயே தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு முடியை விரித்துவிட்டேன். பஸ் சாரதிகளுக்குத் தரும் பளிச்சென்ற மஞ்சள் சட்டையையும் கழற்றிவிட்டேன், அந்த நிறத்துக்கு மீன் வெருளும் என்று. அதற்குப் பதிலாக மகளின் பழைய மழைக்கோட்டைப் போட்டேன். கணுக்கால்வரை நீண்ட வெள்ளைக் கோட்டு. உள்ளே, நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டை. என்னை நானே ஒரு தரம் கண்ணாடியில் பார்த்திருந்தால் பின்னால் நடந்தது ஒன்றும் நடந்திருக்காது.

வெள்ளைக்காரர் பேய் வேஷம் போடும் ஹலோவீன் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காரை விட்டுவிட்டு நடந்த தெருவில் வாசலுக்கு வாசல் முகம் செதுக்கிய பூசணிக்காய்கள் அழுகி, வாய் உள்ளே போய்க் கிடந்தன. ஒரு வீட்டு மரத்தில் துணிப் பேய் ஒன்று கழற்றப்படாமல் தொங்கியது. ஏரியிலிருந்து மூடுபனி ஏறிவந்து தெருவின் மறு முனையை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. ஆற்றடிக்கு இறங்கியபோது எதிர்க்கரையே தெரியவில்லை. நீரின்மேல் மட்டும் பனி கொஞ்சம் விலகியும் மூடியும் விளையாடிக்கொண்டிருந்தது. சத்தம் என்று ஒன்றும் இல்லை. வாத்துகள்கூட எங்கோ போய்விட்டிருந்தன.

தூண்டில் போட்டுச் சிறிது நேரத்தில் பனி ஒருபக்கம் விலகியது. அக்கரையில் ஓர் ஆள் நின்றார். சாம்பல் நிற ஹூடி, தலை மூடியிருந்தது, முகம் தெரியவில்லை. அவருக்கு முன்னால் கவட்டைத் தடியில் ஒரு தூண்டில். ஆள் அசையவே இல்லை. நான் கையை ஆட்டினேன். பதிலுக்குக் கை வரவில்லை. பனி மூடியது. மறுபடி விலகியபோது அதே இடத்தில், அதே மாதிரி. சரி, எழும்பிப் போவோம் என்று மனம் சொன்னது. தக்கையை விட்டு எழும்ப ஆசை விடவில்லை. அந்த ஆளைப் பார்க்காமல் இருப்பதற்காக நாலடி கீழே தள்ளி, நாணல் மறைப்புக்குப் போகலாம் என்று தண்ணீருக்குள் இறங்கினேன்.

முதல் இரண்டு அடி மணல். மூன்றாவது அடியில் நிலம் இல்லை. சேறு முழங்கால்வரை இழுத்தது. மற்றக் காலை ஊன்றித் தூக்கப் பார்த்தேன், அதுவும் போனது. பின்பக்கமாகச் சாய்ந்ததில் நெஞ்சு விளிம்பின் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் ரப்பர் காற்சட்டைக்குள் கடகடவென்று இறங்கியது. ஒரு நொடி மூச்சே வரவில்லை. எழுந்து நிமிர்ந்தபோது தண்ணீர் இடுப்பில். கால்கள் இரண்டும் நட்டுவைத்த மாதிரி. இழுக்க இழுக்க சேறு இன்னும் இறுக்கிப் பிடித்தது. போன் கரையில் பைக்குள். தடி கையை விட்டுப் போய்விட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் பிறகு வந்தது. பாதங்கள் வலித்தன, பிறகு வலிப்பது நின்றது. ஏரிப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் தண்ணீர் ஒரு விரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஏறுவது கூடவும் இறங்குவது குறையவும் என்று எனக்குப் பட்டது. இந்த நாட்டுக் குளிர்த் தண்ணீரில் மனிதர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எனக்குத் தெரியாது. நல்ல காலம், தெரியாமல் இருந்தது.

கத்தினேன். எனக்கு இங்கிலீசு நன்றாக வரும். நாள் முழுக்கப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் அதுதான் பேசுகிறேன். அந்த நேரத்தில் அதில் ஒரு சொல்கூட வரவில்லை. அக்கரையில் நிற்பவர் யார், எந்த நாட்டவர் என்று தெரியாமலே வாயில் வந்தது இதுதான்:

“அண்ணை... அண்ணை...”

பனிக்குள் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. நீண்டு, நடுங்கி, தண்ணீரில் தவழ்ந்து போனது. அக்கரையில் அந்த ஆள் மெல்லத் தலையைத் திருப்பினார். பனி விலகியது. இப்போது முகம் தெரிந்தது. நம் ஆள்தான். பேயறைந்த முகம் என்று சொல்வோமே, அதை நான் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். கண் பிதுங்க என்னையே பார்த்தார். வாய் திறந்திருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டி இன்னொரு தரம் அண்ணை என்றேன். அவர் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோரடி. பிறகு தடியையும் வாளியையும் போட்டபடி போட்டுவிட்டு நாணலுக்குள் மறைந்தே போனார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதர் தண்ணீரில் தவிக்கும் பெண்ணைப் பார்த்து ஏன் ஓட வேண்டும்? என் பின்னால் ஏதாவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பனி மட்டும்தான் நின்றது.

அடுத்துக் கழிந்த நேரம்தான் என்னை இன்றைக்கும் விட்டுப்போகவில்லை. கரையில் போன் அடித்தது. கணவர் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார். அடித்து அடித்து நின்றது. நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. நானும் வழக்கம்போல உதில போயிட்டு வாறன் என்றுதான் சொல்லியிருந்தேன். ‘உதில’ என்றால் எது? பக்கத்துக் கடையும் உதிலதான், வவுனியாவும் உதிலதான்.

கொஞ்சத்துக்கு அப்பால் பாலத்தில் ட்ரெயின் போனது. பனிக்குள் யன்னல் வெளிச்சங்கள் வரிசையாக ஓடின. கிழக்கே விட்பியிலிருந்து நகரத்துக்குப் போகும் ஊர்ப்பட்ட சனம் அதற்குள் இருந்திருக்கும். கையைத் தூக்கிக் கத்தினேன். ஒரு தலையும் திரும்பவில்லை. ட்ரெயின் போன பிறகு இருந்த அமைதியில், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய கொக்கு வந்து இறங்கியது. கொக்கு மனிதரைக் கண்டால் எவ்வளவு தூரம் பறக்கும் என்று எனக்குத் தெரியும். இது பறக்கவில்லை. என்னை ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு மரக்கட்டையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டு, தன்பாட்டில் தண்ணீரைக் கொத்தியது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் பின்பக்கமாக விழுந்தேனே, அதற்குப் பிறகு உண்மையில் எழுந்தேனா?

சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே நின்றால் சிரிக்கமாட்டீர்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் கால் இல்லை; கலங்கிய தண்ணீரின்மேல் வெள்ளைக் கோட்டு விரிந்து மிதந்தது. கண்டவர் ஓடுகிறார். ட்ரெயினில் போகிறவர்களுக்குத் தெரியவில்லை. பறவைக்கு நான் ஒரு பொருட்டில்லை. ஈரக்குலை நடுங்கியது என்று எழுதுவது சுலபம். எனக்கு நடுங்கக்கூட இல்லை. நடுக்கம் நின்றுபோயிருந்தது. பின்னேரம் என் பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மகள் வந்தாள். அழுகை வரவில்லை.

அந்த நேரம் நெஞ்சில் ஏதோ ஊர்ந்தது.

ஒன்றல்ல, பல. கழுத்தடியில் ஒன்று, விலாவில் ஒன்று, நெஞ்சுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு. கையை உள்ளே விட்டேன். விரலில் நெளிந்தன. வெளியே எடுத்துப் பார்த்தேன். புழு. என் உடம்பில் புழு. கடவுளே, அந்தக் கணத்தில் நான் செத்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். செத்த உடம்பில்தானே புழு வைக்கும்.

எவ்வளவு நேரம் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. அது உள்ளங்கையில் தலையைத் தூக்கி அங்கும் இங்கும் தேடியது. மெல்ல மெல்ல மண்டையில் உறைத்தது. விழுந்தபோது உட்பையில் இருந்த டப்பா திறந்திருக்கிறது. இது கடையில் வாங்கிய புழு. குளிரில் இது அசையாது. சூடு இருந்தால்தான் நெளியும். இது நெளிகிறது. அப்படியென்றால் என்னில் இன்னும் சூடு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அருவருக்கும் அந்தப் புழு என் நெஞ்சில் ஊர ஊர, நான் அதைத் தட்டிவிடாமல் நின்று அழுதேன். இப்போது அழுகை வந்தது.

அப்படி அழுதுகொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தத் தக்கையைக் கண்டேன். அவர் விட்டுவிட்டுப் போன தூண்டிலின் தக்கை, நீரோட்டத்தில் அடிபட்டு என் பக்கமாக ஆற்றின் நடுவரைக்கும் வந்திருந்தது. அதன் சிவப்பு முனை ஒரு தரம் துடித்தது. இரண்டாம் தரம் துடித்தது. பிறகு ஒரேயடியாகத் தாழ்ந்தது. உயிர் போகிற நேரத்தில் உனக்கு உது தேவையோ என்று கணவர் இன்றைக்கும் கேட்பார். என்ன செய்ய, அது கை தானாகத் துடிக்கும் வேலை. உதவி கேட்டுக் கத்தியதைவிடப் பலமாகக் கத்தினேன்:

“அண்ணை! தக்கை தாழுதண்ணை! தூக்குங்கோ!”

நாணல் அசைந்தது. அவர் ஓடிப்போயிருக்கவில்லை. கால் ஓடவில்லையாம்; புதருக்குள் குந்தியிருந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மெல்ல வெளியே வந்தார். தடியைப் பார்த்தார், அது வளைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். எந்தப் பேயும் மீன் கடிக்கிறதென்று சொல்லித்தராது என்று அந்த இடத்தில்தான் அவருக்கு மண்டையில் ஓடியிருக்கிறது. இருந்தாலும் முழு நம்பிக்கை வரவில்லை. தூரத்தில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தங்கச்சி... கால் இருக்கோ?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விரித்த முடி, வெள்ளைக் கோட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. பேய்க்குக் கால் இல்லை என்பது நம் எல்லோருக்கும் பாலோடு புகட்டிய விஷயம். அவரை வெருட்டிய பேய் நான்தான்.

“கால் இருக்கிறபடியாத்தானண்ணை சேத்துக்குள்ள மாட்டுப்பட்டு நிக்கிறன்.”

அந்த மனிதர் பிறகு ஓடிய ஓட்டத்தைச் சும்மா சொல்லக்கூடாது. நடைபாலத்தால் சுற்றி என் பக்கம் வர வேண்டும். போகும்போதே போனில் உதவி கூப்பிடுவது கேட்டது. பிறகு பனி அவரை மூடியது. வருவாரா, வரமாட்டாரா, இருந்தாரா, இல்லையா என்று மறுபடியும் எனக்குள் தொடங்கியது. நெஞ்சில் கையை வைத்து, புழுக்கள் நெளிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகுக்குப் பின்னால் தங்கச்சி என்று குரல் கேட்டதும் என் இரண்டு தோளும் விழுந்துவிட்டன.

தன் வாளி மூடியையும் மடக்குக் கதிரையையும் அவர் ஓடும்போதே தூக்கி வந்திருந்தார். அவற்றைச் சேற்றில் பரப்பி, அதன்மேல் குப்புறப் படுத்து, மீன் வலையின் பிடியை நீட்டினார். வாரைக் கழற்றிவிட்டு ரப்பர் காற்சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். பாம்பு சட்டை கழற்றுவது மாதிரி அதற்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தேன். கரையில் கிடத்தியதும் அவர் முதல் செய்த வேலை, என் இரண்டு பாதத்தையும் கையால் தொட்டுப் பார்த்ததுதான். சூடேற்றத்தான் தொட்டேன் என்பார். நான் நம்பவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து சேர்ந்தபோது அவருடைய ஹூடிக்குள் சுருண்டு கிடந்தேன். கம்பளி சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அன்றிரவே வீட்டுக்கு விட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து அவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விட்பியில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர். அன்று வேலை முடிந்து, நித்திரையே கொள்ளாமல், விடியப்புறமே நேரே ஆற்றுக்கு வந்தவர். முதலில் நான் கையை ஆட்டியபோது கண்ணில் நித்திரை என்று நினைத்தாராம். தேநீரைக் குடித்தபடி, நான் மறக்காத ஒரு வசனம் சொன்னார்.

“நீங்கள் இங்கிலீசில கத்தியிருந்தா உடன ஓடி வந்திருப்பன், தங்கச்சி. தமிழில கூப்பிட்டபடியாத்தான் பயந்தனான்.”

வெள்ளைக்காரனின் பேய் ஊரெல்லாம் தொங்குகிறது, அதைப் பார்த்து எங்களில் யார் பயந்தோம்? நம்மைப் பயமுறுத்த நம் பாஷையில் கூப்பிட வேண்டும். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது அவர் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். விடியப்புறம் வந்து தடியை நடும்போதே ஒரு தரம் அண்ணை என்று கேட்டதாம். ஒரு தரம் மட்டும் கூப்பிட்டால் அது பேய், திரும்பக்கூடாது என்று பேசாமல் நின்றாராம். பிறகு நான் கூப்பிட்டபோது, அது மறுபடியும் வந்துவிட்டது என்றுதான் நாணலுக்குள் போனாராம்.

விடியப்புறம் நான் மோர்னிங்சைட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதை அவருக்கு நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதும் நாங்கள் அதே ஆற்றில்தான் தூண்டில் போடுகிறோம். வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கணவர் மறக்காமல் கேட்கிறார், நானும் இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மஞ்சள் சட்டையைக் கழற்றுவதில்லை. மீன் ஒன்றும் வெருளவில்லை. அந்த அண்ணை அக்கரையில் வந்து நின்றதும், தங்கச்சி, கால் இருக்கோ என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் நான் ஒரு காலைத் தூக்கிக் காட்டும்வரை தூண்டிலைப் போடமாட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் தூக்குகிறேன். தூக்கும் ஒவ்வொரு தரமும், அது மேலே வந்துவிடுகிறதா என்று எனக்குள் ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன், வந்ததும் அந்தக் காலுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.